சட்டைப்பை இருந்த இடம்

மேசை முழுவதும் ஒட்டுப்போர்வை விரிந்து கிடக்கிறது. ஜன்னல் வெயில் அதன்மேல் சாய்வாக விழுகிறது. துணி விலை மறுபடி ஏறியதிலிருந்து கடைப்பக்கமே போகாமல், வீட்டில் கிடைத்த துணித் துண்டுகளை இணைத்து அவள் தைத்த போர்வை இது. மாலையில் இதை வாங்கிப்போக ஆள் வருகிறது. ஒரு மூலை மட்டும் இன்னும் காலி. கணவன் தேநீர்க் கோப்பையோடு வந்து நிற்கிறான், குனிகிறான். நடுவிலிருக்கும் ஒரு நீலத் துண்டில் அவன் பார்வை நின்றுவிடுகிறது. வெளிறிய நீலத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெளுக்காமல் அடர்ந்திருக்கிறது. அதன்மேல் கையை வைக்கிறான். பிறகு அதே கையைத் தன் நெஞ்சின் இடப்பக்கம், சட்டைப்பைமேல் வைத்துப் பார்க்கிறான். “என் நீலச் சட்டையக் காணோமே?” என்கிறான். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “கொடியிலேர்ந்து காத்துல பறந்திருக்கும்” என்கிறாள். “காத்து தையலப் பிரிச்சு பைய மட்டும் தனியா எடுத்துச்சாக்கும்?” “துணி விக்கிற விலையில பேச்சப் பாரு. ஊர்ல நீலம் உங்களுக்கு மட்டும்தானா?” “முழுச் சட்டையப் போர்வையில மறைக்கிற ஆள இப்பதான் பாக்கிறேன்.” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். காலி மூலையைப் பார்க்கிறாள். பிறகு அவன் போட்டிருக்கும் சிவப்புக் கோடு சட்டையைக் காலரிலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்க்கிறாள். “அதுவும் பழசாயிடுச்சில்ல?” கத்தரிக்கோல் அவள் கைக்கெட்டும் தூரத்தில் வாய் திறந்து கிடக்கிறது. அவன் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, திறந்திருந்த மேல் பொத்தானைப் போடுகிறான்.