மருமகளின் ஆட்கள்

கிருமி என்றாலே பினாயில் பாட்டிலைத் தூக்கும் மாமியார், தரை துடைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

உள்ளே மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அவங்களுக்கு அந்த வினிகர் மாதிரி தண்ணியை மட்டும் குடுங்க, போதும். உள்ளே காத்து போகவே கூடாது. போனா இத்தனை நாள் வேலையும் பாழ்!”

மாமியார் துடைப்பானோடு உள்ளே ஓடினார். “அடிப்பாவி! எத்தனை பேரை அடைச்சு வெச்சிருக்கே?”

“கோடிக்கணக்குல இருப்பாங்க அத்தை.” மருமகள் சிரித்தபடி ஒரு தாளை நீட்டினாள். “எல்லாம் மண்ணுக்கடியில காத்தில்லாம வாழற பாக்டீரியா; அந்த வினிகர் தண்ணிதான் அதுங்களுக்குச் சாப்பாடு. நம்ம தெருக் கிணத்துத் தண்ணியில யுரேனியம் கரைஞ்சிருந்துச்சு இல்ல? அதைக் கரையாத பொடியா மாத்தி மண்ணுலயே தங்க வெச்சிடுச்சுங்க. இனி குடிக்கலாம்னு ரிப்போர்ட் வந்தாச்சு.”

“கிருமியா?”

“கிருமியேதான்.”

ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த கிணறு அது. தாளில் ‘தலைமை விஞ்ஞானி’ என்ற இடத்திலிருந்த மருமகளின் பெயரை மாமியார் இரண்டு முறை படித்தார்.

மறுநாள் கிணற்றடியைக் கழுவப் பக்கத்து வீட்டுக்காரி பினாயிலோடு வந்தாள். மாமியார் இடுப்பில் கைவைத்துக் குறுக்கே நின்றார்.

“ஒரு சொட்டு ஊத்தக் கூடாது! கீழே என் மருமகளோட ஆளுங்க வேலை செய்யறாங்க!”