இறுகும் வரை

"கையை அசைச்சீங்கன்னா அச்சு கெட்டுப்போகும். பேசாம நில்லுங்க."

ஒன்பது நாள் மௌனத்துக்குப் பிறகு மனைவி அவனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். திட்டுதான் என்றாலும் சிற்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இருவருடைய வலது கைகளும் கோத்தபடி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள், மணிக்கட்டு வரை கூழில் மூழ்கியிருந்தன. அச்சுப் பவுடரைக் கரைத்த கூழ் இறுகியதும் கையை உருவிவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றினால் கோத்த கைகள் அச்சு அசலாக வந்துவிடும். யாரோ ஒரு தம்பதி இப்படிக் கேட்கிறார்கள், இன்றே மாதிரி காட்ட வேண்டும் என்று காலையில் சிலேட்டில் எழுதி அவள் முன்னால் நீட்டியிருந்தான். அவள் படித்தாள். வாளியோடு உள்ளே போய்க் கூழைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்படி ஒரு தம்பதியே கிடையாது. ஐயாவின் சொந்தக் கற்பனை.

வேறு வழியில்லை. அவளும் சிற்பிதான். இருபத்திரண்டு வருடமாக ஒரே பட்டறையில் அவனுக்குச் சமமாக உளி பிடித்தவள். அப்படிப்பட்டவளைப் பற்றிப் பத்திரிகைக்காரர் கேட்டபோது, "மனைவி கூடமாட உதவி செய்வாங்க" என்று சொல்லித் தொலைத்தான். அது கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. மறுநாளே அவள் பட்டறைக்கு நடுவில் சாக்பீஸால் கோடு போட்டாள். தனியாகப் பட்டறை வைக்க ஓர் இடமும் பார்த்துவிட்டாள். இன்று பதினொரு மணிக்கு அந்த இடத்துக்காரர் சாவியோடு வருகிறார்.

கூழ் இறுக ஆறே நிமிடம். அதற்குள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கல்லையே பேச வைப்பவன் என்று பெயர் எடுத்தவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அது வந்து... அந்தப் பேப்பர்காரர்..."

"அவர் மேல பழியைப் போடாதீங்க."

"சரி. நான்தான் சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு நிமிடம் ஓடிவிட்டது. "இறுகிடுச்சா?"

"இல்ல. தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துச்சு. நேரமாகும்."

அந்தத் தண்ணீருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தான்.

"பூங்காவுல ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டு நிக்கிற பொண்ணு சிலை இருக்குல்ல? 'உங்க வேலையிலயே அதுதான் பிரமாதம்'னு அவர் சொன்னார். அது நீ செஞ்சது. பார்க்கிறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. பொறாமைதான், வேற என்ன? வாயில அப்படி வந்துடுச்சு. தப்புதான்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணோட கால் விரல் நீங்க செதுக்கினதுதானே?"

"கட்டைவிரல் மட்டும். அதுவும் கோணல்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நீங்கதான் எனக்குக் கூடமாட உதவி!"

"ஆமா. நாளைக்கே அவரைக் கூப்பிட்டு இதைச் சொல்றேன். கொட்டை எழுத்துல போடச் சொல்றேன்."

"கோணல் விரலையும் சேர்த்துச் சொல்லுங்க."

வாசல் கதவு தட்டப்பட்டது. "அம்மா! சாவி கொண்டு வந்திருக்கேன்!"

அவன் வாளிக்குள் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். அவளோ இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இடம் வேண்டாங்க! தப்பா நினைச்சுக்காதீங்க! கை மாட்டிக்கிச்சு, வெளியே வர முடியல!"

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவது கேட்டது. சிற்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே மனசாட்சியும் குத்தியது. பொய் சொல்லி நிற்க வைத்துவிட்டு, இந்தச் சமாதானத்தை எப்படி வாங்கிக்கொள்வது?

"ஒண்ணு சொல்லணும், திட்டாதே. கை கேட்ட தம்பதின்னு யாருமே கிடையாது. உன்னை ஆறு நிமிஷம் பக்கத்துல நிறுத்தி வைக்கணும்னு நான் விட்ட புருடா."

"தெரியும். சிலேட்டைப் பார்த்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் நின்னே?" என்றவன் கடிகாரத்தைப் பார்த்துத் திகைத்தான். "கால் மணி நேரத்துக்கு மேலாச்சே! இது ஏன் இன்னும் இறுகல?"

"அச்சுப் பவுடர் தீர்ந்து ஒரு வாரமாச்சு," என்றாள் அவள், கையை எடுக்காமலே. "இது சமையலறை மைதா மாவு."