ஆறாவது கியர்

ஆஞ்சப்பன் பத்து கியர்களை மேசைமேல் வரிசையாக அடுக்கி வைத்தார்.

“இதுல எது எதுல பிசிறு இருக்குதுன்னு சொல்லிரும்மா. திங்கக்கெழமையில இருந்து உன் எடம் உனக்குத்தான்.”

சரிதா முதல் கியரை எடுத்து, அதன் நடுத்துளைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினாள்.

அவளுடைய வேலையே அதுதான். கடைசல் முடிந்த கியரின் துளைக்குள் சில சமயம் மயிரிழை அளவு இரும்புப் பிசிறு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அந்த ஓசூர் தொழிற்சாலையில் எல்லோரும் கையுறை மாட்டியிருக்க வேண்டும், கடைசிச் சோதனையில் உட்காரும் நான்கு பெண்களைத் தவிர. அந்த நால்வரில் ஒன்பது வருடமாக முதல் ஆள் சரிதா. மெஷின் கோட்டை விட்டதைக்கூட அவள் விரல் விடாது என்று சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

முதல் கியரைக் கீழே வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

“ஊரெல்லாம் சுத்திட்டு வந்தும் அதே யூனிஃபார்ம்தானா?” என்று பக்கத்து மேசையிலிருந்து சுமலதா சிரித்தாள். சரிதாவும் சிரித்து வைத்தாள்.

பர்கூர்ப் பக்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற பெண், சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கிர்கிஸ்தானில் போய் இறங்கி, அங்கிருந்து தன்னந்தனியாக சைக்கிள் மிதித்து, நான்கு மாதத்தில் காஸ்பியன் கடற்கரை வரை போய்த் திரும்பியிருந்தாள். வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். அவளும் சொல்கிறாள்.

உஸ்பெகிஸ்தானில் யாரென்றே தெரியாத ஒரு அம்மா வழிமறித்து, முழு முலாம்பழத்தையும் அறுத்துக் கொடுத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கஜகஸ்தான் பாலைவனத்தில் மூன்று நாள் எதிர்காற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தது. ஏதோ ஒரு ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கூடாரத்துக்குள் இரண்டு நாள் சுருண்டு கிடந்தது. துரத்திய நாய்கள். நிறுத்தி டீ கொடுத்த லாரி டிரைவர்கள்.

சொல்லும்போது எல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலத்தான் இருந்தது.

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

ஒன்றும் தெரியவில்லை. துளை இருக்கிறது, விரல் அதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ஆறாவதை எடுத்து வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினாள். ஒன்றுமில்லை. கீழே வைத்துவிட்டு ஏழாவதற்குக் கை நீட்டினாள்.

“ஏம்மா! ரத்தம்!” என்று ஆஞ்சப்பன் பதறினார்.

சரிதா குனிந்து பார்த்தாள். ஆறாவது கியரைச் சுற்றி மேசைமேல் சொட்டுச் சொட்டாக இருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி நீளமாகக் கீறியிருந்தது.

“ஆறாவதுல பிசிறு இருக்குது சார்” என்றாள்.

ஆஞ்சப்பன் முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து, அவரே பஞ்சை வைத்து அழுத்தினார். அழுத்தியது அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

“எத்தன நாளா?”

“இங்கிருந்து கெளம்பிப் போன ஒரு மாசத்துலயே சார். தஜிகிஸ்தான்ல, பனியில.”

அதற்குப் பிறகு மூன்று மாதம் அப்படியேதான் ஓட்டினாள். பிரேக்கைப் பிடித்திருக்கிறாளா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று கிருஷ்ணகிரி டாக்டர் சொல்லியிருந்தார்.

“கையுறை எடுத்துட்டுப் போகலையா?”

“காத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.”

வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தாள். அம்மா அந்தக் காற்றை ஒரு வாரம் திட்டினாள்.

ஆஞ்சப்பன் மீதி நான்கு கியர்களையும் தட்டில் எடுத்துப் போட்டார். “திங்கக்கெழமை பேக்கிங்ல வந்து நில்லு. நான் பேசிக்கிறேன்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். சரிதா தலையாட்டினாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

அன்றைக்கு தஜிகிஸ்தானின் அந்த மலைக்கணவாயில் காற்றே இல்லை.

நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரம். ஏறி முடிக்கப் பகல் முழுவதும் ஆகியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லை, வண்டியில்லை, சத்தமில்லை. பாதையோரம் முழங்கால் உயரத்துக்குப் பனி. வாழ்க்கையில் அவள் பார்த்த முதல் பனி.

அவள்தான் கையுறைகளைக் கழற்றினாள். கழற்றி, பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை மூடினாள். பிறகு மண்டி போட்டு இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை பனிக்குள் விட்டாள்.

முதலில் குளிர்ந்தது. பிறகு நெருப்பு மாதிரி எரிந்தது. அதற்கும் பிறகு ஒவ்வொரு துகளும் தனித்தனியாக விரல்களுக்குத் தெரிந்தது. ஒன்பது வருடமாகக் குறை தேடியே பழகிய விரல்களுக்கு அங்கே தேடுவதற்கு எதுவும் இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

முதலில் சுண்டுவிரல் மரத்துப் போனது. பிறகு மோதிர விரல். எந்த விரலை வைத்துப் பிழைக்கிறோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆள்காட்டி விரலும் போகிறவரை அவள் கையை எடுக்கவில்லை.