தவளையண்ணனுக்கு ஒரு மனு

பெரிய பாடகர்களின் பெயரைச் செதுக்கவென்றே அந்தக் காட்டில் ஒரு வேங்கை மரம் இருந்தது. செதுக்குவது மரங்கொத்தி. தகுதி பார்ப்பதும் அதுதான்.

குளத்து நண்டுகள் ஒரு மரப்பட்டையில் மனு எழுதிக் கொண்டுவந்தன. "எங்க தவளையண்ணன் பேரையும் போடணும், ஐயா."

"அவனுக்குத் தெரிஞ்சதே ஒரு பாட்டு. அதையே மழைக்கு மழை கத்துறான். அவனுக்கெல்லாம் மரத்துல இடமா?" என்று சீறிய மரங்கொத்தி, 'தகுதியில்லை' என்று மனுவின்மேல் கொத்தத் தொடங்கியது.

டொக்கு டொக்கு டொடொக்கு! டொக்கு டொக்கு டொடொக்கு!

நண்டுகள் கொடுக்கைத் தூக்கி ஆடின. அலகு போடுவது தவளைப் பாட்டின் தாளம் என்று மரங்கொத்திக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. முழுப் பாட்டையும் கொத்தித் தீர்த்தபோது மனு தூள்தூளாகியிருந்தது.

மூச்சு வாங்கியபடி மரத்துக்குப் பறந்தது. "சரி, சரி. உங்க அண்ணன் முழுப் பேரைச் சொல்லுங்க."