பஸ் படம் இல்லை

"விமானப் படத்து மேலதானே கோடு போட்டிருக்கு? பஸ்ஸு மேலயா போட்டிருக்கு?" என்று மணிக்கட்டை ரூபாவின் மூக்குக்கு நேரே நீட்டினான் கோபிகிருஷ்ணன்.

மணிக்கட்டில் இருந்தது கடிகாரம் இல்லை. டைவ் கம்ப்யூட்டர். கடலுக்குள் முங்குகிறவர்களுக்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போது மேலே வரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி. முங்கி வந்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்பதற்கு, திரையில் கோடு போட்ட விமானப் படம் காட்டும். அதன் விலையைக் கோபி யாரிடமும் சொல்வதில்லை. மற்றவர்கள் கேட்கும்படி மட்டும் நடந்துகொள்வான்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் திருமலை பஸ் கிளம்புவதற்காக உறுமிக்கொண்டிருந்தது. காலையில் புதுச்சேரிக் கடலில் பயிற்சி முடித்து, அவசரமாகக் கார் பிடித்து, சாயங்காலம் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். இன்று அவர்களுடைய முதல் கல்யாண நாள். மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த தரிசன டிக்கெட். இப்போது மலை ஏறாவிட்டால் அது வெறும் காகிதம்.

"ஒசரம்னா ஒசரந்தாங்க," என்றாள் ரூபா. "பிளேன்ல போனா இன்னா, பஸ்ல போனா இன்னா? மாஸ்டரு சொல்லும்போது நீங்க அந்தக் கம்ப்யூட்டர போட்டோ புடிச்சிக்கினு இருந்தீங்க. ஆழத்துல இருந்து வந்தவங்க ஒரு நாள் வரைக்கும் மலை ஏறக் கூடாது. அட்டையிலயும் போட்டிருக்கு."

அட்டை என்றதும் கோபிக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சிக்கு வந்த புதியவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் பழைய முறைப்படி ஆழம் காட்டும் கேஜும், நேரக் கணக்கு அச்சடித்த பிளாஸ்டிக் அட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ரூபா அட்டைக் கட்சி. இரண்டு கட்சிக்கும் கணக்கு வேறு என்பதால், பயிற்சி மாஸ்டர் தமிழரசு கம்ப்யூட்டர்காரர்களை முதல் படகிலும் அட்டைக்காரர்களை அடுத்த படகிலும் ஏற்றினார்.

கோபி நகரியில் செல்போன் கடை வைத்திருப்பவன். பேட்டரி இல்லாத எதையும் நம்பமாட்டான். தான் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போன கதையைப் புதுச்சேரியில் ஆரம்பித்தான். திண்டிவனத்தில் ஒரு மீனைப் பார்த்தான். திருத்தணி தாண்டியும் அவன் கடலுக்கடியிலேயே இருந்தான். ரூபா 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

"உங்க ஒடம்புல காத்துக் குமிழி இருக்குங்க. மேல போனா சோடா பாட்டில தொறந்தாப்ல பொங்கும்."

"நான் இன்னா சோடாவா? இது யோசிக்கற மிஷினு ரூபா. பஸ்ல போவக் கூடாதுன்னா பஸ் படம் போட்டிருக்கும். உன் அட்டைக்கு இன்னா தெரியும், அது ஸ்கூல் பசங்க வாய்ப்பாடு."

"வாய்ப்பாடு எப்பனா சார்ஜ் போயி நின்னுருக்கா?"

"திருமல, திருமல. எக்கண்டி சார், டைம் அயிந்தி," என்று தெலுங்கில் ஏறச் சொல்லி, கண்டக்டர் பஸ்ஸைத் தட்டினார்.

கோபி தாவி ஏறினான். படியில் நின்று கையை நீட்டினான். ரூபா நகரவில்லை. பையைத் தரையில் வைத்தாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் கம்ப்யூட்டர் கட்டிக்கல. என் அட்டையில ஏறக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. எனக்கு பயமா இருக்குங்க."

கோபி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரில் கோடு போட்ட விமானத்தை, அதை வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாக, ஒழுங்காகப் பார்த்தான். பஸ் நகர்ந்தது. குதித்துவிட்டான்.

"ஏமி சார்?" என்று தலையை நீட்டினார் கண்டக்டர்.

"மூணாயிரம் அடி சார் மலை. கடல்ல முங்கினவங்கள அவ்ளோ ஒசரம் இட்டுக்கினு போவலாமா? பிளேன்னா இன்னா, பஸ்னா இன்னா, ஒசரம் ஒசரந்தானே?"

அரைமணி நேரமாகத் தான் கேட்க மறுத்த பாடத்தை, தானே கண்டுபிடித்தவன் போல எடுத்தான். கண்டக்டர் விசில் ஊதித் தப்பித்தார்.

அதன்பிறகு ரூபாவைப் பை தூக்க விடவில்லை. லாட்ஜில் முதல் மாடியில் நல்ல அறை இருக்கிறது என்றார்கள்.

"மாடியே வேணாங்க. தரையோட தரையா ஒரு ரூம் குடுங்க," என்றான் கோபி.

கிடைத்தது சமையற்கட்டுக்குப் பக்கத்து அறை. கம்ப்யூட்டரைக் கழற்றி அவள் கையில் கட்டினான். அது தன்னுடைய ஆழத்துக்குத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது அந்தச் செல்போன் மேதைக்கு உறைக்கவில்லை.

"நாளைக்கு தர்ம தரிசனம் கியூல நிப்போம். எவ்ளோ நேரமானா இன்னா, உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. இட்லி வாங்கியாறேன், துன்னுட்டுப் படுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவன் வாசலைத் தாண்டியதும் ரூபா போனை எடுத்தாள்.

"மாஸ்டர், ரூபா பேசறேன். நாளைக்கு சாயங்காலம் அவரு மலை ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம் மேடம். இன்னைக்கு ஏறிடலையே?"

"இல்ல மாஸ்டர். டிக்கெட்டு போனா போவுதுன்னு ரெண்டு பேரும் கீழயே தங்கிட்டோம்."

"நீங்க ஏன் மேடம் தங்கினீங்க?" என்று வியந்தார் தமிழரசு. "அலை ஜாஸ்தின்னு உங்க படகத்தான் பாதி வழியிலேயே திருப்பிட்டோமே. நீங்க தண்ணியில காலே நனைக்கலையே."

ரூபா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்கு ஆபத்துன்னா கேக்க மாட்டாரு மாஸ்டர். எனக்குன்னாதான் கேப்பாரு."