பக்கத்துத் தட்டு

மலேசியாவின் ஈப்போ நகரக் கிளினிக்கில், கொலஸ்ட்ரால் நோயாளிகளைக் கவனிக்கும் தாதி ரோஸ்மலிசா, ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"மூணு மாசம் ஆச்சு அங்கிள். கொஞ்சம்கூட இறங்கல. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல மிஸ்ஸி. ராத்திரி சாப்பாட்டத் தெனம் ஃபோட்டோ புடிச்சு அனுப்புறேனே!" என்றார் கோக் செங்.

உண்மைதான். எல்லாப் படங்களிலும் அவித்த மீன், கீரை, ஒரு பிடி சோறு. ரோஸ்மலிசா கைப்பேசியில் மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தின் ஓரத்தில் இன்னொரு தட்டு தெரிந்தது.

"இது யாருக்கு? தோலோட வறுத்த வாத்து!"

"பொண்டாட்டிக்கு. வாத்துன்னா அவளுக்கு உயிரு."

"அவங்க மிச்சம் வைக்கிறத நீங்கதான் முடிக்கிறீங்க, அப்படித்தானே?"

கோக் செங் தலையைச் சொறிந்தார். "சோத்த வீணாக்கக் கூடாதுல்ல மிஸ்ஸி."

"எவ்வளவு மிச்சம் வைப்பாங்க?"

"முழுசும்."

"முழுசுமா? நாளைக்கு ஆன்ட்டியக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கிறேன்."

"எப்படிக் கூட்டிட்டு வர்றது? அவ போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. அவ படத்துக்கு முன்னால தெனம் வைப்பேன். ஊதுவத்தி எரிஞ்சு முடிஞ்சதும் நான்தான எடுத்துச் சாப்பிடணும்?"

ரோஸ்மலிசா புதிதாக ஓர் உணவுக் கட்டுப்பாட்டு அட்டையை எடுத்தாள்.

"ஆன்ட்டி பேரு என்ன?"

"பூய் லெங்."

பெயரை எழுதி நீட்டினாள். "நாளையிலேருந்து அவங்களுக்கும் அவிச்ச மீன்தான். ஊதுவத்தி ஏத்தும்போது இதப் படிச்சுக் காட்டுங்க."

"கோவிச்சுக்குவா மிஸ்ஸி."

"என்னத் திட்டச் சொல்லுங்க."