எட்டாவது கட்டம்

ஜப்பானின் அந்தக் கிராமத்தில், தாள் செருகிய ஊர் அறிவிப்புப் பலகை வீடு வீடாகச் சுற்றி வரும். அதைப் படித்தவர்கள் தாளில் தங்கள் வீட்டுக் கட்டத்தில், கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்தி, அடுத்த வீட்டு வாசலில் வைப்பார்கள். ஸ்காட்லாந்திலிருந்து ஆங்கில டீச்சராக வந்த மொராக்கின் வீடு ஏழாவது. ஐந்து மாதங்களாக அவள் கையெழுத்துப் போட்டு, மேட்டிலிருந்த எட்டாவது வீடான மேல்வீட்டு வாசலில் வைத்து வந்தாள்.

"மேல்வீடா? அது பூட்டி எட்டு வருஷமாச்சு டீச்சர்," என்றாள் முதல் வீட்டு நிஷிவாகி. "உங்களோட முடிஞ்சுது. நேரா எங்கிட்ட கொண்டு வரணும்."

"மறுநாளே உங்ககிட்ட வந்துடுதே?"

"நீங்க வைக்கறீங்கன்னு நெனச்சேன். எட்டாவது கட்டத்துல சிவப்பா, பேரு படிக்க முடியாம குத்தியிருக்கு. கையெழுத்தும் போட்டு முத்திரையும் குத்துறீங்களேன்னு சிரிச்சுக்குவேன்."

"எங்கிட்ட முத்திரையே இல்லியே."

நிஷிவாகி மேல்வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "செஞ்சு வாங்கிக்குங்களேன்," என்றாள் பிறகு.

"மார்ச்சுல ஊருக்குப் போறவளுக்கு எதுக்கு?"

வேலையை நீட்டிக்க விருப்பமில்லை என்ற கடிதம் அவள் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு முறை தலைமையாசிரியர் அறை வரை போய்த் திரும்பியிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை பலகை அவள் வாசலில் இருந்தது. வரும் ஆகஸ்டில் யார் யார் புல் வெட்டுவது என்ற பட்டியல். முதல் ஆறு கட்டங்களும் காலி. பலகையை இன்னும் அனுப்பவே இல்லை என்று காலையில்தான் நிஷிவாகி சொல்லியிருந்தாள். கடைசி வரியில் ஜோடியாக மேல்வீடும் மொராக்கும்.

ஏழாவது கட்டத்தில் ஜப்பானிய எழுத்தில் அவள் பெயர், சிவப்பு முத்திரையாக. தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது.